சல்லடை! சல்லடை!: கல்லூரி ஹாக்கி அரங்குகளில் ஒரு குளிர்காலப் பயணம்

வியாழன், இதாகா

நியூயார்க் நகரத்தில் பேருந்து ஏறினால் இதாகா வந்து சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. கயூகா ஏரியின் தென்முனையில், பள்ளத்தில் ஊரும் அதற்கு மேலே குன்றின்மீது கார்னெல் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இந்த ஊரின் அருவிகள் புகழ்பெற்றவை. ஆனால் கடுங்குளிரில் அவை பாதி உறைந்து தொங்குகின்றன, பார்க்க வருபவர்களும் குறைவு. நான் வந்தது அருவிக்காக அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளின் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களில் மாணவர்கள் கூட்டமாக எழுப்பும் கோஷங்களைப் பற்றி நெடுங்காலமாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவற்றை நேரில் கேட்கவேண்டும், ஆட்டத்தைவிட அதைப் பார்க்கிறவர்களை அதிகம் கவனிக்கவேண்டும் என்று புறப்பட்ட பயணம் இது.

முதல் ஊராக இதாகாவைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் உண்டு. 1957-ல் திறக்கப்பட்ட லைனா அரங்கில் மொத்தம் 4,267 பேர்தான் அமர முடியும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு இடமிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால், இது கல்யாண மண்டபத்துக்குச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். ஆனால் கூரை தாழ்வானது, தரை பனிக்கட்டி, சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு. எழுப்பிய ஒலி வெளியேற வழியின்றி உள்ளேயே சுழல்கிறது. இதாகாவின் ரசிகர்களுக்கு ‘லைனா ஃபெய்த்ஃபுல்’ என்று பெயர். லைனாவின் விசுவாசிகள் என்ற அந்தப் பெயரை அவர்கள் விளையாட்டாக வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்று ஆட்டம் இல்லை. கார்னெல் அணி தேசியப் பட்டம் வென்றது 1967-லும் 1970-லும். 1970-ல் ஆடிய 29 ஆட்டங்களிலும் வென்றது. பருவம் முழுவதும் ஒரு தோல்வியும் ஒரு சமநிலையும் இல்லாமல் பட்டம் வென்ற அணி ஆண்கள் கல்லூரி ஹாக்கியின் முதல் பிரிவில் அதற்குப் பிறகு இன்னொன்று இல்லை. பின்னாளில் மாண்ட்ரியல் அணியோடு, தொழில்முறை ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை வென்று, கனடாவின் அமைச்சராகவும் இருந்த கென் டிரைடன் இங்கே மூன்று ஆண்டுகள் கோல் காத்தார். 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமநிலை. நாளை கத்தப்போகும் மாணவர்கள் இவை நடந்து பல பத்தாண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். நான்கே ஆண்டுகளில் ஒட்டுமொத்தமாக ஆள் மாறிவிடும் ஒரு கூட்டம், அரை நூற்றாண்டுப் பழக்கத்தை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதே என்னைக் கூட்டிவந்த கேள்வி.

வெள்ளி, இதாகா

எதிரணி ஹார்வர்டு. இந்தப் பருவத்தில் இதாகாவில் இதைவிடக் கிடைப்பதற்கரிய சீட்டு கிடையாது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முதல் சடங்கு ஆரம்பமாகிவிடுகிறது. எதிரணியின் ஆட்டக்காரர்களை அறிவிப்பாளர் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கியதும், மாணவர் பகுதி முழுவதும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் மாணவர்களே நடத்தும் ‘கார்னெல் டெய்லி சன்’ பத்திரிகைதான். ஒவ்வொரு பெயருக்கும் பின் ‘போரிங்!’ என்று ஒரே குரல். உடனே தாளைச் சரசரவென்று உதறும் சத்தம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டும் அந்தச் சரசரப்பை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு தேசிய கீதம். ராக்கெட்டின் சிவந்த ஒளியைச் சொல்லும் அடி வந்ததும், அதுவரை அடக்கமாக நின்ற கூட்டம் ‘ரெட்!’ என்று ஒற்றைச் சொல்லாக வெடித்து மறுகணம் அடங்கிவிட்டது. சிவப்பு கார்னெலின் நிறம்.

அடுத்தது மீன். எனக்கு மூன்று வரிசை கீழே நின்ற ஒரு மாணவன், ஹார்வர்டு அணி பனித்தளத்தில் இறங்கும் நேரத்தில் தன் கனத்த மேலங்கிக்குள் கையை விட்டு, சற்றுமுன் எல்லோரும் படிப்பதுபோல் நடித்த அதே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தான். உள்ளே சாணளவு மீன் ஒன்று, முழுதாக. வாலைப் பிடித்துச் சுழற்றிக் கண்ணாடித் தடுப்புக்கு மேலாக வீசினான். அது தளத்தில் விழுந்து, துள்ளாமல், நீலக்கோட்டைத் தாண்டி வெகுதூரம் வழுக்கிக்கொண்டே போனது. பனியின்மேல் ஈரக் கோடு ஒன்று அதன் பின்னே நீண்டது. அவனைப்போல் இன்னும் பலர் வீச, நாற்றம் மேல்வரிசை வரை வந்தது. வாசலில் பைகளைச் சோதித்த காவலர்களைத் தாண்டி இத்தனை மீன்கள் எப்படி உள்ளே வந்தன என்பதை யாரும் விளக்கவில்லை. அரங்க ஊழியர்கள் அவசரமில்லாமல் மண்வாரியோடு வந்து அள்ளிப்போனார்கள். இனி எதையாவது எறிந்தால் சொந்த அணிக்கே தண்டனை விழும் என்று ஒலிபெருக்கி எச்சரித்த பிறகு வீச்சு நின்றது.

இதன் கதை 1973-க்குப் போகிறது. கார்னெலில் வேளாண் கல்லூரி இருப்பதைக் கிண்டல் செய்து, ஹார்வர்டு அரங்கில் அந்த ஊர் ரசிகர்கள் கார்னெல் கோல் கீப்பரை நோக்கிச் செத்த கோழியை எறிந்தார்களாம். அடுத்த முறை ஹார்வர்டு இதாகாவுக்கு வந்தபோது, கடற்கரை நகரமான பாஸ்டன் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மீனால் பதில் சொல்லப்பட்டது. கோழி நின்றுபோயிற்று, மீன் மட்டும் தொடர்கிறது. கோல்கேட் பல்கலைக்கழகம் வரும்போது பற்பசைக் குழாய்களைக் கொண்டுவரும் வழக்கமும் இதே கூட்டத்துடையதுதான்.

ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லாமல் கோஷங்களை விளக்க முடியாது. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பக் எனப்படும் ரப்பர் வட்டு நகரும்வரை கண் இமைக்க நேரமில்லை. விசில் ஊதினால் சில விநாடி இடைவெளி. தவறிழைத்தவர் இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்காரவேண்டும். அவர் தளத்தைக் கடந்து அங்கே போய்ச் சேர்வதும் ஓர் இடைவெளி. கோல் விழுந்தபின் நடுவட்டத்தில் மறுபடி தொடங்குவதற்குள் கிடைப்பது எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி. ஒவ்வொரு கோஷமும் இந்த இடைவெளிகளில் ஏதேனும் ஒன்றின் அளவுக்கு வெட்டித் தைத்ததுபோல் இருக்கிறது. ஆட்டம் ஓடும்போது வெறும் இரைச்சல்தான். ஆட்டம் நின்றால்தான் சொற்கள்.

முதல் கோலைக் கார்னெல் போட்டது. ஆரவாரம் அடங்கியதும் இசைக்குழு நிறுத்த, கைகள் அனைத்தும் ஹார்வர்டு கோல் கீப்பரை நோக்கி நீண்டன. முதலில் அவருடைய குடும்பப் பெயர், இழுத்து, ஏளனமான மெட்டில். பிறகு ‘சீவ்! சீவ்! சீவ்!’ அதாவது, சல்லடை. அதன்பின் ஒரு படிக்கட்டு: நீ கோல் கீப்பர் இல்லை, சல்லடை, சல்லடைகூட இல்லை, புனல், புனல்கூட இல்லை, தூசி உறிஞ்சும் இயந்திரம், அதுவும் இல்லை, விண்வெளிக் கருந்துளை. கடைசியில் எல்லாம் உன் தவறு, எல்லாம் உன் தவறு என்று திரும்பத் திரும்ப. படியேறும் வரைக்கும் நான் ரசித்துச் சிரித்தேன். அந்தக் கடைசி வரி மட்டும் உறுத்தியது, ஏனென்றால் கோல் விழுந்தது உண்மையில் தடுப்பாட்டக்காரர் வட்டைத் தவறவிட்டதால். அதைக் கூட்டமும் அறியும், அந்த இளைஞரும் அறிவார். அவர் வலையின்மேல் வைத்திருந்த தண்ணீர்க் குப்பியை எடுத்து முகமூடிக்குள் பீய்ச்சிக்கொண்டு, ஒன்றுமே காதில் விழாததுபோல் தன் கோட்டைக் காலால் தேய்த்துச் சீர்செய்துகொண்டிருந்தார்.

என் பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், இதாகாக்காரர், எழுபதுகளிலிருந்து பருவச் சீட்டு வைத்திருப்பவர். முதலாண்டு மாணவர்கள் செப்டம்பரில் வரும்போது ஒன்றுமே தெரியாமல்தான் வருகிறார்கள் என்றார். முன்வரிசையில் நிற்கும் நான்காம் ஆண்டுக்காரர்களைப் பார்த்து, பஜனையில் பின்பாட்டுப் பாடுகிறவர்களைப்போல அரை விநாடி தாமதமாகச் சேர்ந்துகொள்கிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் எல்லாம் மனப்பாடம். புதிதாக எழுதப்படும் கோஷங்களில் பெரும்பாலானவை ஒரு மாதம் தாங்குவதில்லை. பழையதைத் தப்பாகச் சொன்னால் மட்டும் ஊர்க்காரர்கள் பகுதியிலிருந்து சரியான வடிவம் சத்தமாக வந்துவிடும் என்றார், தாமே பலமுறை அதைச் செய்திருக்கிறவரின் தோரணையில். என் கேள்விக்குப் பாதி விடை இவரிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாணவர்கள் போய்விடுகிறார்கள், ஊர்க்காரர்கள் போவதில்லை.

சனி, இதாகா

இன்று டார்ட்மத். ஹார்வர்டும் டார்ட்மத்தும் பயணக் கூட்டாளிகள். வெள்ளியன்று ஓரணியும் சனியன்று மற்றதும் ஒரே ஊரில் ஆடிவிட்டுப் போவது இந்த அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பின் ஏற்பாடு. மீன் இல்லை, பகையும் இல்லை, ஆனால் அதே செய்தித்தாள், அதே ‘போரிங்’, அதே ‘ரெட்’. பகை இல்லாத நாளில் அமைப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒருவர் மாட்டுமணியை எடுத்து ஒரு தாளத்தை அடிக்க, அரங்கம் அதே தாளத்தைக் கைதட்டலாகத் திருப்பிக் கொடுக்கிறது. இசைக்குழு முடிக்கும் இடத்தில் மாணவர்கள் தொடங்குகிறார்கள். எங்கே முடிப்பது என்று யாரும் சைகை காட்டுவதில்லை. நேற்றைவிட இன்று கார்னெல் நன்றாக ஆடியது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஞாயிறு

பாஸ்டனுக்குப் பேருந்து. வழியெல்லாம் பனி.

திங்கள், பாஸ்டன்

பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகள் இந்த நகரத்தில் பீன்பாட் கோப்பைக்கு உரியவை. பாஸ்டன் பல்கலைக்கழகம், பாஸ்டன் கல்லூரி, ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் ஆகிய நான்கும் 1952 முதல் தங்களுக்குள் ஆடிவரும் போட்டி இது. பட்டங்களில் முப்பதுக்கும் மேல் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கின்றன. முதல் திங்களன்று இரண்டு அரையிறுதிகள் அடுத்தடுத்து நடக்கின்றன. பரிசு, பெயருக்கேற்ப, அவரை வேகவைக்கும் பானையின் வடிவம். 1978 பிப்ரவரியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே வரலாறு காணாத பனிப்புயல் வீச, வீடு திரும்ப முடியாத ரசிகர்கள் பழைய கார்டன் அரங்கிலேயே நாட்கணக்கில் தங்கி, பெஞ்சுகளில் உறங்கி, ஹாட் டாக் தின்று பிழைத்ததை இந்த ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போதைய டிடி கார்டன், நார்த் ஸ்டேஷன் ரயில் நிலையத்தின் தலைமேலேயே இருக்கிறது. ஹாக்கிக்கு ஏறக்குறைய 17,850 இருக்கைகள். நான்கு கல்லூரிகளுக்கும் தனித்தனியே மாணவர் பகுதி, தனித்தனி இசைக்குழு. அரங்கமே நிறங்களால் நறுக்கிய கேக்போல் தெரிகிறது. ஆனால் இதாகாவில் கேட்ட அதே ‘சீவ்’ இங்கே பாதி வலுவுடன்தான் எழுந்தது. கூரை மிக உயரத்தில் இருக்கிறது, ஒலி அங்கே போய்க் கரைந்துவிடுகிறது. ஒரு முனையிலிருந்து கிளம்பும் கோஷத்தின்மேல் மறுமுனையின் இசைக்குழு ஏறிவிடுகிறது. இரண்டுக்கும் மேலாக விளம்பர ஒலி. தொழில்முறை ஆட்டத்துக்காகக் கட்டிய அரங்கில், இடைவெளிகளையெல்லாம் ஒலிபெருக்கி முன்பதிவு செய்துவிட்டது. மாணவர்களுக்கு மிஞ்சுவது சில்லறை விநாடிகள்.

அப்படியும் ஓரிடத்தில் மனம் விட்டுச் சிரித்தேன். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் தங்கள் பரம வைரியான பாஸ்டன் கல்லூரியைத் திட்டும் இரண்டு சொல் கோஷத்தை, எதிரே ஆடுவது யாராக இருந்தாலும் விடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்று அவர்களுடைய எதிரணி வேறு, கோஷம் மாறவில்லை. எதிரணியின் மாணவர்களுக்கு, வசைகூடத் தங்களுக்கு இல்லையே என்ற குறை இருந்திருக்கும்.

செவ்வாய், பாஸ்டன்

பீன்பாட் போட்டி பிறந்த அரங்கத்தைப் பார்க்கப் போனேன். 1910-ல் ‘பாஸ்டன் அரீனா’ என்று திறக்கப்பட்டு, பின்னர் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்திடம் வந்து மேத்யூஸ் அரீனா ஆன கட்டடம் இது. 1924-ல் பாஸ்டன் புரூயின்ஸ் என்ற தொழில்முறை அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியதும் இங்கேதான். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று முடிவாகிவிட்டது. ‘டாக்ஹவுஸ்’ எனப்படும் நார்த்ஈஸ்டர்ன் மாணவர் பகுதி, பனித்தளத்தின்மேல் கவிந்து நிற்கும் மாடத்தில் இருந்தது; அங்கிருந்து விழும் வசை எதிரணியின் தலைமேல் நேராக இறங்கும் என்பார்கள். வாசல்வளைவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். புதிய அரங்குகளில் இருக்கை வசதி கூடும், கழிப்பறை வரிசை குறையும். மாடத்தை அப்படிக் கவிந்து நிற்கும்படி மறுபடி கட்டுவார்களா என்பதில்தான் என் கவலை.

வெள்ளி, ஆன் ஆர்பர்

விமானத்தில் டெட்ராய்ட், அங்கிருந்து ஆன் ஆர்பர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் அரங்கு செங்கல்லால் ஆன பெரிய கூடம். 1923-ல் உள்விளையாட்டுக் கூடமாகக் கட்டி, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்டின் பெயரை வைத்தார்கள். பனித்தளம் வந்தது 1973-ல்தான். ஒன்பது தேசியப் பட்டங்கள் வென்ற அணி. இங்குள்ள மாணவர் பகுதிக்கு ‘யோஸ்டின் பிள்ளைகள்’ என்று பெயர்.

இதாகாவிலிருந்து இங்கே வந்ததற்குக் காரணம் 1991 மார்ச். தேசியப் போட்டியின் முதல் சுற்றில் கார்னெல் இங்கே வந்து மூன்று ஆட்டத் தொடர் ஆடியது. மிச்சிகன் 2-1 என்று வென்றது. ஆனால் கூடவே வந்த கார்னெல் ரசிகர்கள், எண்ணிக்கையில் குறைவாக இருந்தும், ஊர்க்காரர்களைவிடச் சத்தமாகவும் ஒழுங்காகவும் கத்தினார்கள். தங்கள் கூடத்திலேயே தங்களைக் குரலால் தோற்கடித்துவிட்டுப் போனவர்களிடமிருந்து மிச்சிகன் மாணவர்கள் கோஷங்களை எடுத்துக்கொண்டார்கள் என்பதை இங்குள்ள பழைய ரசிகர்கள் மறைப்பதில்லை.

இன்று விஸ்கான்சினுக்கு எதிராக மிச்சிகன் முதல் கோல் போட்டபோது அதைக் கண்டேன். முதலில் இசைக்குழு பல்கலைக்கழகத்தின் வெற்றிப் பாட்டை வாசித்தது. ‘ஹெயில்’ என்ற சொல் வரும்போதெல்லாம் முஷ்டிகள் காற்றில் உயர்ந்தன. பிறகு போட்ட கோல்களை எண்ணி, இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். பிறகு கைகள் நீண்டன. அதே ஏளன மெட்டில் பெயர், அதே சல்லடை, அதே ‘எல்லாம் உன் தவறு’. பக்கத்தில் நின்ற முதலாண்டு மாணவனிடம் இது இதாகாவிலிருந்து வந்தது என்றேன். மரியாதையாகத்தான் மறுத்தான்: இது எப்போதுமே எங்களுடையது, வேறு யாராவது சொன்னால் எங்களைப் பார்த்துச் செய்கிறார்கள் என்றான். அவனுக்கு இங்கே ‘எப்போதும்’ என்பது கடந்த அக்டோபரில் தொடங்குகிறது.

மிச்சிகன் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்திருக்கிறது. எதிரணி ஆட்டக்காரர் பெனால்டி பாக்ஸுக்குப் போகும் வழி நெடுக ஒரே ஓசையை இழுத்துக்கொண்டே போய், கதவு சாத்தியதும் ‘போய் வா’ என்று வெடித்து, தொடர்ந்து வசைச் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஆண்டுகள் போகப்போக அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. அச்சில் ஏற்றமுடியாத சொற்கள். பல்கலைக்கழகமும் இதைக் குறைத்துக்கொள்ளும்படி சொல்லிப் பார்த்திருக்கிறது. எனக்கு முன்னால் இரண்டு சிறுவர்களோடு வந்திருந்த ஒரு தந்தை, பட்டியல் தொடங்கும் கணத்தைத் துல்லியமாக அறிந்து, சின்னவனின் காதுகளைப் பொத்தினார். பெரியவனுக்கு இரண்டு கைகள் மிச்சமில்லை, அவன் கூடவே முணுமுணுத்தான்.

ஒழுக்கம் பேச எனக்கு ஆசையில்லை, ஆனால் கைத்திறனைப் பேசலாம். சல்லடையிலிருந்து கருந்துளைக்குப் போகும் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் முந்தையதைவிட உயரம்; கேட்கிறவர் அடுத்தது என்னவென்று காத்திருக்கிறார். வசைப் பட்டியலில் அந்தக் காத்திருப்பு கிடையாது. சொற்களை இடம் மாற்றினாலும் ஒன்றும் குறையாது. அதில் உண்மையிலேயே நன்றாக இருப்பது கதவு சாத்தும் கணத்தைப் பிடிக்கும் அந்த முதல் பாதிதான். அதோடு நிறுத்தினால் தந்தையின் கைகளுக்கும் ஓய்வு கிடைக்கும்.

சனி, ஆன் ஆர்பர்

கோல் விழாவிட்டால் இந்தக் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு இன்று பதில் கிடைத்தது. விஸ்கான்சின் கோல் கீப்பர் வந்த வட்டையெல்லாம் தடுத்தார். சல்லடைக் கோஷத்தை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, அதற்கு வேலையே வரவில்லை. முதல் பகுதியில் வட்டு அருகில் போனாலே கைகளை நீட்டிப் பார்த்தார்கள். இரண்டாவதில் நடுவரின் கண் பார்வையைப் பற்றி விசாரித்தார்கள். மூன்றாவதில் இசைக்குழு ஓய்வின்றி வாசித்தது. கடைசி ஒரு நிமிடம் இருக்கிறது என்று அறிவிப்பாளர் சொன்னதும், வழக்கப்படி நன்றி சொன்னார்கள், சுரத்தில்லாமல்.

கோல் விழுந்தது மறுமுனையில். மேல்வரிசை மூலையில் சிவப்புச் சட்டையோடு ஒதுங்கியிருந்த விஸ்கான்சின் ரசிகர்கள், ஒரு பேருந்துக்குக்கூடக் காணாத அளவினர், எழுந்து நின்று மிச்சிகன் கோல் கீப்பரை நோக்கிக் கைநீட்டினார்கள். பெயர், இழுத்து. சல்லடை, சல்லடை, சல்லடை. யோஸ்டின் பிள்ளைகள் ஊளையிட்டு அதை மூழ்கடிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை, ஏனென்றால் அந்த மெட்டு அவர்கள் காதுக்கே பழக்கமானது, எவ்வளவு இரைச்சலிலும் தனியாகக் கேட்டது. மிச்சிகன் கோல் கீப்பர் தண்ணீர்க் குப்பியை எடுத்து முகத்தில் பீய்ச்சிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் நெரிசலுக்கு எதிராகப் படியேறி அந்த மூலைக்குப் போய், இந்தக் கோஷம் எங்கிருந்து வந்தது என்று மூவரிடம் கேட்டேன். ஒருவர் தங்கள் பல்கலைக்கழக ஊரான மேடிசன் என்றார், ஒருவர் மினசோட்டா என்றார், மூன்றாமவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதைக்கூட யாராவது எழுதியிருப்பார்களா என்று திருப்பிக் கேட்டார்.